மலைநாட்டு இருப்புப்பாதைகள்: நானுஓயாச் சந்தி

ஓர் இருப்புப்பாதையிலிருந்து இன்னொன்று கிளைத்துச் செல்லும் நிலையத்தைச் சந்தி என்பது புகையிரதத் துறையின் வழக்கு. இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், தேயிலை மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கொன்றில் அமைந்துள்ள நானுஓயா, 1903ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1948 வரை அத்தகைய சந்தியாக விளங்கியது. பொல்காவலை, பேராதனை, மாகோ ஆகிய சந்திகளில் ஒரே அகலமுள்ள பாதைகள் ஒன்றுகூடியதால் பெட்டிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி உருண்டு செல்ல முடிந்தது. நானுஓயாவிலோ அகலத்தில் ஒவ்வாத இரண்டு பாதைகள் அருகருகே வந்து நின்றனவேயன்றி ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒரு பாதையிலிருந்து இறக்கிய சரக்கை மனிதர்கள் தோளிலும் தலையிலும் சுமந்து மறு பாதையின் பெட்டிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. இந்தச் சிற்றூரின் புகையிரத வரலாற்றில் நிகழ்ந்த பெரும்பாலானவற்றுக்கு, கிளைப்பாதை பிறந்ததற்கும் அது மடிந்ததற்குமே, அந்த அகல வேறுபாட்டில்தான் காரணம் தேட வேண்டும்.

ஊரின் பெயர் அதனூடே ஓடும் சிற்றாற்றின் பெயர். ‘ஓயா’ என்பது சிங்களத்தில் சிற்றாற்றைக் குறிக்கும் சொல். நானு ஓயா கொத்மலை ஓயாவுடன் கலந்து மகாவலி கங்கையைச் சேர்கிறது. புகையிரதம் வருவதற்கு முன் இவ்விடத்தில் ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் பெரிதாக இருந்ததில்லை. தோட்டங்களும் நுவரெலியாவுக்கு ஏறும் தெருவுமே இருந்தன. நிலையம் வந்த பின்னரே கடைத்தெருவும், ஊழியர் குடியிருப்பும், வண்டிப்பேட்டையும் அதைச் சுற்றி வளர்ந்தன. நாவலப்பிட்டியையும் ஹட்டனையும் போலவே நானுஓயாவும் தண்டவாளம் ஈன்ற ஊர்.

ஹட்டன் வரையிலான பாதை 1884 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டதைச் சென்ற அத்தியாயம் விவரித்தது. அங்கிருந்து நானுஓயா வரையிலான சுமார் 20 மைல் நீளப் பகுதி 1885 மே மாதத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே, மலையகத் தமிழர் சிங்கமலைச் சுரங்கம் என்று அழைக்கும் பூல்பேங்க் சுரங்கம் அமைந்துள்ளது. அரை கிலோமீற்றருக்கும் சற்று அதிகமான நீளமுடைய அதுவே மலைநாட்டுப் பாதையின் மிக நீண்ட சுரங்கம். அதைக் கடந்தபின் பாதை தலவாக்கலையை நோக்கி இறங்கி, டெவோன், சென் கிளேயார் அருவிகளுக்கு எதிர்ப்புறமாக வளைந்து, மீண்டும் ஏறத் தொடங்கி, கிரேட் வெஸ்டர்ன் மலையின் அடிவாரத்தைப் பற்றிக்கொண்டு ரதல்ல வழியாக நானுஓயாவை அடைகிறது. ஏற்றத்தின் உச்ச அளவு 44 அடி நீளத்துக்கு ஓர் அடி உயர்வு என்று வகுக்கப்பட்டிருந்தது. தெருவில் ஓடும் வண்டிக்கு இது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆனால் மழையிலும் மூடுபனியிலும் நனைந்த தண்டவாளத்தில், வளைவுக்குப் பின் வளைவாக மைல்கணக்கில் அந்த ஏற்றம் தொடரும்போது, நீராவி இயந்திரத்தின் சக்கரங்கள் பிடிப்பிழந்து நின்ற இடத்திலேயே சுழலும். அதைத் தடுக்கச் சக்கரத்தின் முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவப்பட்டது. பாரமான வண்டிகளுக்கு இன்னோர் இயந்திரம் துணை சேர்க்கப்பட்டது.

பாதை நானுஓயாவைத் தொட்ட ஆண்டு மலைநாட்டுப் பொருளாதாரம் கைமாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து உள்நாட்டுக்குப் புகையிரதம் அமைக்கும் பணி 1858இல் தொடங்கியபோது அதற்குக் காரணமாக இருந்த பயிர் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதைப் படிப்படியாக அழித்து, 1880களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் பலவற்றைக் கைவிடச் செய்திருந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், 1880ஆம் ஆண்டில் ஏறத்தாழ 81 தொன் மட்டுமே ஏற்றுமதியாகியிருக்க, 1890ஆம் ஆண்டில் 22,900 தொன் அளவுக்கு ஏற்றுமதியானது. கோப்பியை நம்பித் திட்டமிடப்பட்ட பாதை தேயிலையைச் சுமப்பதற்காகவே திறக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. கோப்பி ஆண்டில் ஒரு பருவத்தில் காய்த்து, அந்தப் பருவத்தில் மட்டும் வண்டிகளை நிரப்பும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது, கிள்ளிய கொழுந்து அன்றன்றே தொழிற்சாலைக்குச் சென்று வாரந்தோறும் பெட்டிகளாக வெளியேறுவது. ஆகவே புகையிரதத்துக்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் சரக்குக் கிடைத்தது. தோட்டத்துக்கும் எல்லா மாதங்களிலும் ஆட்கள் தேவைப்பட்டனர். கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் திரும்பிய தொழிலாளர், தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு லயன்கள் எனப்பட்ட தோட்ட வரிசை வீடுகளில் தங்கிவிட்டதும் இதனாலேயே.

1885 முதல் 1893 வரை, எட்டு ஆண்டுகள், நானுஓயா பாதையின் முடிவிடமாக இருந்தது. முடிவிடம் என்பது வெறும் கடைசி நிலையம் அன்று. அதற்கப்பால் உள்ள நாடு முழுவதற்கும் அது வாசல். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய ஊவா மாகாணத்துக்குச் செல்ல வேண்டியவை இங்கே இறக்கப்பட்டு மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டன. நுவரெலியாவுக்குச் செல்லும் பயணிகள் இங்கே இறங்கிக் குதிரை வண்டியில் சுமார் ஐந்து மைல் ஏறினர். 1893 ஜூன் மாதத்தில் பாதை அப்புத்தளையை அடைந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாட்டின் மிகப் புகழ்பெற்ற மலைவாசத் தலத்தைப் புகையிரதப் பாதை ஏன் தொடாமல் விலகிச் சென்றது என்ற கேள்வி இயல்பாக எழும். நுவரெலியா ஆளுநரின் கோடை வாசத்தலம். ஐரோப்பியத் தோட்டத்துரைகளின் ஓய்வூர். 1876இல் நிறுவப்பட்ட ஹில் கிளப்பும் ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும் கொண்ட ஊர். ஆனால் அது பீதுருதாலகாலை மலையடிவாரத்தில், 6,100 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் அமைந்திருக்கிறது. பாதையின் இலக்கோ ஊவா. நானுஓயாவிலிருந்து தெற்கே அம்பேவளை, பட்டிப்பொல வழியாகச் சென்றால் 6,226 அடி உயரத்தில் ஓர் உச்சியைக் கடந்து, பின்னர் ஊவாவுக்குள் தொடர்ந்து இறங்க முடிந்தது. பணம் எங்கே விளைகிறதோ அங்கே தண்டவாளம் செல்ல வேண்டும் என்பதே அக்காலத்துக் கொள்கை. ஆளுநர் எங்கே ஓய்வெடுக்கிறார் என்பது அதற்கு இரண்டாம் பட்சம். இத்தனைக்கும் பிறகு நுவரெலியாவுக்குப் பாதை கிடைத்தது என்றால், அதற்கும் அந்த ஊர் காரணமல்ல. அதற்கு அப்பால் கந்தப்பளையிலும் இராகலையிலும் விரிந்துகிடந்த தேயிலையே காரணம். கிளைப்பாதைக்கு நுவரெலியாப் பாதை என்று பெயரிடாமல் உடப்புசல்லாவப் பாதை என்று பெயரிட்டதே இதற்குப் போதிய சான்று. உடப்புசல்லாவ என்பது இன்றும் இலங்கைத் தேயிலையின் தனி வட்டாரங்களுள் ஒன்றாக வணிகத்தில் எண்ணப்படுவது. ஆயினும் அப்பெயர் தாங்கிய பாதை இராகலையோடு நின்றுவிட்டது, உடப்புசல்லாவ ஊரை அது எட்டவேயில்லை.

இங்கே தண்டவாள அகலம் பற்றிச் சற்று விளக்க வேண்டும். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரமே பாதையின் அகலம் எனப்படும். இலங்கையின் முதன்மைப் பாதை, இந்தியாவின் பெரும் பாதைகளைப் போலவே, 5 அடி 6 அங்குல அகலம் கொண்டது. இதை அகலப்பாதை என்பர். அகலம் கூடக்கூட வண்டி உறுதியாக நிற்கும், பெரிய பெட்டிகளைச் சுமக்கும், ஆனால் வளைவுகள் விரிவாக இருக்க வேண்டும். விரிந்த வளைவுக்கு மலையில் இடம் இல்லையென்றால் மலையை வெட்ட வேண்டும், அல்லது துளைக்க வேண்டும்; இரண்டும் பெருஞ்செலவு. அகலத்தைக் குறைத்தால் பாதை மலையின் மடிப்புகளை ஒட்டி நெளிந்து செல்லலாம். வெட்டும் மண் குறையும், பாலங்கள் சிறுக்கும், தண்டவாளத்தின் எடையும் குறையும். உடப்புசல்லாவப் பாதைக்கு 2 அடி 6 அங்குல அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே காலத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டைக்கு அமைக்கப்பட்ட களனிவெளிப் பாதைக்கும் இதே அகலமே கொள்ளப்பட்டது. பெரும்பணம் செலவிடத் தயங்கிய ஓர் அரசாங்கத்தின் பார்வையில் இது நியாயமான தீர்வு; அகலப்பாதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இராகலைக்குப் புகையிரதம் வந்தே இராது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையிலான முதற்பகுதி 1903 டிசம்பரில் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதி அடுத்த ஆண்டில் நிறைவுற்று, 19 மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் பாதை இராகலையைச் சென்றடைந்தது. இடையே பிளாக்பூல், நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் ஆகிய நிலையங்கள் இருந்தன. நானுஓயாவை விட்டதும் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு, சில மைல்களுக்குள் 800 அடிக்கு மேல் ஏறிய அந்தச் சிறு வண்டி, நுவரெலியாவின் சமவெளியில் சற்றே மூச்சுவிட்டு, மீண்டும் ஏறி, கந்தப்பளையில் 6,300 அடி அளவை எட்டியது. ஊவாவுக்குச் செல்லும் அகலப்பாதை பட்டிப்பொலவுக்கு அப்பால் தொடும் உச்சியைவிடவும் அது உயரம். நாட்டிலேயே மிக உயரத்தில் ஓடிய புகையிரதம் நாட்டிலேயே மிகச் சிறிய பெட்டிகளைக் கொண்ட ஒன்றாக இருந்தது என்பது, நேரில் காண வாய்ப்பில்லாத இன்றைய தலைமுறை நினைவில் நிறுத்திக்கொள்ளத் தக்க செய்தி.

நானுஓயா நிலையத்தின் அன்றாட வேலை இந்தக் காலத்தில்தான் இரட்டிப்பானது. இராகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலைகளிலிருந்து ஈயத்தாள் உள்ளொட்டிய மரப்பெட்டிகளில் தேயிலை சிறு வண்டியில் இறங்கி வந்தது. நானுஓயாவில் ஒவ்வொரு பெட்டியும் கையால் இறக்கப்பட்டு, எண்ணப்பட்டு, நனையாமல் மூடப்பட்டு, அகலப்பாதைப் பெட்டிகளில் மீண்டும் அடுக்கப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. எதிர்த்திசையில் அரிசி வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் நெல் விளையவில்லை. தொழிலாளருக்குத் தோட்டம் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொழும்புக்குக் கப்பலேறி வந்தது. அந்த மூடைகளும், உரமும், தொழிற்சாலை இயந்திரங்களின் உறுப்புகளும், மண்ணெண்ணெயும், துணியும், கருவாடும் நானுஓயாவில் மறுபடியும் கைமாறின. புகையிரத நூல்கள் இதைச் சரக்கு மாற்றம் என்று இரண்டு சொற்களில் கடந்துவிடும். ஆண்டில் பெரும்பகுதி மழையும் குளிரும் நீங்காத ஓரிடத்தில், ஒரே மூடையை இருமுறை தூக்கிய முதுகுகளை அச்சொற்கள் காட்டுவதில்லை. அந்த உழைப்பின்றி இந்தச் சந்தி ஒரு நாளும் இயங்கியிராது என்பதால் அதை இங்கே அழுத்திக் கூறுவது கடமை.

அலுவலகத்தில் அமர்ந்தவர்களுள்ளும் தமிழர் பலர் இருந்தனர். பிரித்தானியர் காலத்து இலங்கைப் புகையிரதத் துறையில் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு அந்த வாயிலைத் திறந்திருந்தது. பாதையைப் பராமரித்தோர், சிலிப்பர் கட்டை மாற்றியோர், மண்சரிவை அகற்றியோர் ஆகியோருள் இந்திய வம்சாவளித் தமிழர் மிகுதி. ஒரே மொழி பேசிய இவ்விரு பிரிவினருக்கும் இடையே சம்பளத்திலும் குடியிருப்பிலும் மதிப்பிலும் இருந்த தூரம், அகலப்பாதைக்கும் சிறு பாதைக்கும் இடையிலான தூரத்தைவிடப் பெரிது.

தோட்டத் தொழிலாளருக்கு நிலையம் எதைக் குறித்தது என்பதையும் நோக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே கால்வைப்பது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. தொழிலாளரைச் சந்திக்க விரும்பிய தொழிற்சங்கத்தார் கடைத்தெருக்களையும் புகையிரத ஊர்களையும் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம், 1931இல் கோ. நடேசய்யர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். வருகையின் வழியும் தண்டவாளத்தால் மாறியது. முந்திய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழியில் கொள்ளைநோய்க்குப் பலரைப் பலிகொடுத்து மலை ஏறினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுச் சேவை தொடங்கி, இரு கரைகளிலும் புகையிரதம் வந்து படகைத் தொட்டபின், மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் கடலைக் கடந்து, மதவாச்சி, பொல்காவலை, பேராதனை வழியாக நானுஓயா வரையிலும் தண்டவாளத்திலேயே வந்து சேர்ந்தனர். மலையகத் தமிழில் புகையிரதத்துக்குக் கோச்சி என்று பெயர். பெட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்து, சிங்களத்தில் கோச்சிய என்றும் வழங்கும் அச்சொல்லை இன்றும் மலையகத்தில் கேட்கலாம்.

சிறு பாதையின் தேய்வு முதலாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் லொறியும் பேருந்தும் மலைத் தெருக்களில் பெருகியதோடு தொடங்கியது. இதன் தருக்கம் எளிமையானது. தேயிலைப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து இராகலை நிலையத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்கப்பட்டது, நானுஓயாவில் மறுமுறை, கொழும்பில் இன்னொரு முறை. லொறி தொழிற்சாலை வாசலிலேயே ஏற்றி, நானுஓயாவின் அகலப்பாதைப் பெட்டி வரை ஒரே ஓட்டத்தில் கொண்டுவந்தது. அகலப்பாதையே இராகலை வரை சென்றிருந்தால் தேயிலை மாற்றமின்றிக் கொழும்பு சேர்ந்திருக்கும், லொறியோடு போட்டியிடப் புகையிரதத்துக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். 19 மைல் மட்டுமே ஓடி, பின் சரக்கை இறக்கிவிடும் ஒரு வண்டிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. பாதையைச் சாத்தியமாக்கிய சிக்கனமே அதன் ஆயுளையும் குறுக்கிற்று என்பதே இந்த வரலாற்றை ஆராய்வோர் வந்தடைய வேண்டிய முடிவு; தெருப் போட்டியை மட்டும் காரணமாகக் காட்டுவது பாதி உண்மை. களனிவெளிப் பாதை அதே 2 அடி 6 அங்குல அகலத்தோடு பல பத்தாண்டுகள் நீடித்ததை மறுப்பாகக் காட்டலாம். ஆனால் அது கொழும்பிலேயே தொடங்கியது. தலைநகரின் புறநகர்ப் பயணிகள் நாள்தோறும் அதை நிரப்பினர். பின்னாளில் அதுவும் அகலப்பாதையாக மாற்றப்பட்டே தப்பியது. இராகலைக்கு அத்தகைய பயணிகள் இல்லை. 1940இல் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1948இல் பாதை முற்றாக மூடப்பட்டது. நானுஓயா சந்தி என்ற நிலையை இழந்து, வழியிலுள்ள நிலையங்களுள் ஒன்றானது.

முதன்மைப் பாதையில் அதன் இடம் குன்றவில்லை. மலையேற்றத்துக்கென இங்கிலாந்தின் பேயர் பீக்கொக் நிறுவனம் கட்டிய கராட் வகை இயந்திரங்கள், அதாவது நடுவே ஒரே கொதிகலனும் அதன் இரு முனைகளிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகளும் கொண்டு, இரண்டு இயந்திரங்களின் வலுவை வளைவுகளில் நெளிந்தபடி தரக்கூடியவை, இப்பாதையில் ஓடின. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் வந்தபின் நீராவியின் காலம் மெல்ல முடிந்தது. உடரட மெனிக்கே, பொடி மெனிக்கே என்று பெயர் சூட்டப்பட்ட கடுகதி வண்டிகள் கொழும்பையும் பதுளையையும் இணைத்தன. நுவரெலியாவுக்குச் செல்வோர் இன்றும் நானுஓயாவிலேயே இறங்கி, 1885இல் குதிரை வண்டி ஏறிய அதே தெருவில் பேருந்திலும் வேனிலும் ஏறுகின்றனர்.

பாதை மூடப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறி, தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 என மதிப்பிடப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்குத் தாளில் பிரித்தது குடும்பங்களுக்குள் நடந்தது: பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மணமான மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த வீடுகள் பல. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிகளை ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் அழைத்தனர். இறந்தவருக்காகப் பாடும் ஒப்பாரியை உயிரோடு பிரிவோருக்காகப் பெண்கள் மேடையில் நின்று பாடினர். வண்டி நகர்ந்தபோது சன்னல் கம்பிகளைப் பற்றியபடி கூடவே ஓடினர். அப்பன் பாட்டன் ஏறி வந்த அதே தண்டவாளத்தில், அதே நிலையங்கள் வழியாக, எதிர்த்திசையில் அவ்வண்டிகள் சென்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் படகு இராமேசுவரத்துக்குச் சென்றது. போர்ச் சூழலில் 1984இல் அந்தப் படகுச் சேவையும் நின்றுபோக, நானுஓயாவிலிருந்து தண்டவாளமும் படகுமாகத் தமிழ்நாட்டை அடையும் வழி இல்லாமற் போயிற்று.

(தொடரும்)